கிதாருக்குக் கீற்று அறுக்கும் இளைஞர்களுக்கு



கிதார் என்னும் வாத்தியத்தைக் கடையில் வாங்கி வாசிப்பதோடு திருப்தியடையாமல் அதைக் கையாலேயே செய்து பார்ப்பது என்று சங்கற்பம் செய்துகொண்டு, வீட்டுக் கூடத்தின் மூலையிலோ மாடிக் கொட்டகையிலோ ஒரு வேலைமேஜையைப் போட்டு, உளியும் இழைப்புளியுமாக நிற்கும் உங்களுக்கு, மேற்பலகையின் கனம் எவ்வளவு இருக்கவேண்டும், உள்ளே ஒட்டும் தாங்குசட்டங்களை எப்படிச் சீவவேண்டும், கழுத்தை எத்தனை சாய்வில் பொருத்தவேண்டும் என்றெல்லாம் உபதேசம் செய்ய ஆட்களுக்குப் பஞ்சமில்லை. நான் எழுத வந்தது அவற்றைப் பற்றியல்ல. வாத்தியம் ஏறக்குறைய முடிந்து, பொறுமையும் ஏறக்குறைய முடிந்துவிட்ட சமயத்தில், 'இனி அலங்காரந்தானே' என்று நீங்கள் அலட்சியமாகக் கையில் எடுக்கும் அந்த மெல்லிய மரக்கீற்றுகளைப் பற்றியே எழுதுகிறேன். அவற்றை ஆயத்தமாக விலைக்கு வாங்கிவிடுவது ஒரு வழக்கமாகவும், நல்ல பலகை ஒன்றை வட்டரம்பத்தில் தள்ளி வேண்டியமட்டும் அறுத்துக்கொள்வது இன்னொரு வழக்கமாகவும் பரவியிருக்கிறது. இரண்டும் எனக்குச் சம்மதமில்லை. காரணங்களைச் சாவகாசமாகச் சொல்லக் கேளுங்கள்.

முதலில், அந்தக் கீற்றுகள் அங்கே எதற்காக இருக்கின்றன என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். கிதாரின் மேற்பலகை ஸ்ப்ரூஸ் அல்லது சீடர் மரத்தில் 2 முதல் 3 மில்லிமீட்டர் கனத்துக்கு இழைக்கப்பட்ட மிருதுவான தகடு. அது பக்கப்பலகைகளைச் சந்திக்கும் இடங்களில், சிறப்பாகக் கழுத்துப்புறத்திலும் அடிப்புறத்திலும், மரத்தின் நார்முனைகள் வாய் திறந்தபடி வெளியே நிற்கின்றன. காற்றிலுள்ள ஈரம் பலகையின் முகத்தின் வழியாக ஏறுவதைக்காட்டிலும் இம்முனைகளின் வழியாகவே வெகு துரிதமாக ஏறுகிறது, வறட்சிக் காலத்தில் அதே துரிதத்தோடு இறங்குகிறது. அந்த ஏற்ற இறக்கத்தில் பலகை வெடிக்கவும் ஒட்டு விடவும் ஏதுவாகிறது. கோரைப்பாய்க்குத் துணியால் ஓரம் கட்டுவதைப் போல, இந்த நார்முனைகளை மூடி, வாத்தியம் எதிலாவது இடித்துக்கொண்டால் அந்த அடியைத் தான் ஏற்று, மேற்பலகையைக் காப்பதற்கென்று வைப்பதுதான் சுமார் 2 மில்லிமீட்டர் கனமும் 6 மில்லிமீட்டர் உயரமும் உள்ள விளிம்புப் பட்டை. அதற்கு உட்புறமாக, அரை மில்லிமீட்டர் அளவில் கறுப்பும் வெளுப்புமாக இரண்டு மூன்று கோடுகள் ஓடுகின்றனவே, அவை வரிக்கீற்றுகள். இவை பட்டைக்கும் பலகைக்கும் இடையே கண்ணுக்கு ஓர் எல்லையைக் காட்டுவதோடு, பட்டை சற்றுக் கோணினால் அதை உலகமறியக் காட்டிக்கொடுக்கும் சாட்சிகளுமாகும். நாதத்துக்கும் இக்கீற்றுகளுக்கும் நேரான சம்பந்தம் சொற்பமே என்பது என் அபிப்பிராயம். அவை வாத்தியத்தின் ஆயுளைப் பற்றிய விஷயம். அலங்காரம் அதற்குப் பிறகு வந்து சேர்ந்தது.

விலைக்கு வாங்குவதைப் பற்றிச் சொல்லும்போது ஒரு பெரிய உற்பத்திச்சாலையின் கதை நினைவுக்கு வருகிறது. 1796-இல் ஜெர்மனியின் மார்க்நொய்கிர்ஹன் என்ற ஊரில் பிறந்த கிறிஸ்தியான் பிரெடரிக் மார்ட்டின், கிதார் செய்யும் உரிமை பிடில் செய்வோர் சங்கத்துக்கா, மேஜை நாற்காலி செய்யும் தச்சர் சங்கத்துக்கா என்ற நீண்ட வழக்கில் மனம் சலித்து, 1833-இல் அமெரிக்காவுக்குக் கப்பலேறி, சில ஆண்டுகளில் பென்ஸில்வேனியா மாகாணத்து நாஸரெத்தில் குடியேறித் தொழிலை ஸ்தாபித்தார். பிற்காலத்தில் அந்தத் தொழிற்சாலையின் டி-28 என்ற கிதார் பிரக்யாதி பெற்றபோது அதன் அடையாளமாக விளங்கியது மேற்பலகையின் விளிம்பைச் சுற்றி மீன்முள் கோலத்தில் ஓடிய வரிக்கீற்று. வேடிக்கை என்னவென்றால், எந்த நாட்டை விட்டு ஸ்தாபகர் புறப்பட்டு வந்தாரோ அந்த ஜெர்மனியிலிருந்துதான் அந்தக் கீற்று வந்துகொண்டிருந்தது. இரண்டாம் உலக யுத்தம் வந்தது, வரத்து நின்றது, கையிருப்பு 1947-ஐ ஒட்டித் தீர்ந்துபோயிற்று. அதன்பின் டி-28-இன் விளிம்பில் வெறும் கறுப்பு வெளுப்புக் கோடுகளே ஓடின. 1976-இல்தான் எச்டி-28 என்ற பெயரில் மீன்முள் கோலம் மறுபடி வந்து சேர்ந்தது.

இதற்கிடையில் பழைய மீன்முள் கிதார்களுக்குக் கிராக்கி ஏறி, அந்தக் கோலத்திலேயே நாதம் குடியிருப்பதுபோல் ரசிகர்கள் பேசத் தலைப்பட்டார்கள். உண்மையில் அவர்கள் போற்றிய நாதத்துக்கு ஒரு முக்கியக் காரணம் மேற்பலகையின் உட்புறத்தில் குழிவாகச் சீவப்பட்டிருந்த தாங்குசட்டங்கள். அவ்விதம் சீவுவதை அந்தத் தொழிற்சாலை 1944-இன் இறுதியிலேயே நிறுத்திவிட்டது. ஆகவே மீன்முள் இருந்தும் குழிவுச் சட்டம் இல்லாத கிதார்கள் அந்த இரண்டு மூன்று ஆண்டுகளில் வெளிவந்தன. வெளியே தெரியும் கீற்றை வைத்து உள்ளே தெரியாத சட்டத்தை மதிப்பிட்டவர்கள் ஏமாந்தார்கள் என்றால், தவறு கீற்றின்மேல் இல்லை.

நான் இதிலிருந்து எடுத்துக்கொள்வது, பிறன் கையை நம்பிய அலங்காரம் அவன் கை நின்ற அன்றே நின்றுபோகும் என்பதுதான். அத்தனை பெரிய நிர்வாகத்துக்கே அந்தக் கதி என்றால், ஆண்டுக்கு இரண்டோ மூன்றோ வாத்தியம் செய்யும் உங்களைப் போன்றவர்கள், தூரதேசத்துக் கடையிலிருந்து தபாலில் வரும் கீற்றையே எதிர்பார்த்திருப்பானேன்? அதிலும், கடைக்கீற்று உங்கள் பலகையின் நிறத்தோடும் நீங்கள் வெட்டிய பள்ளத்தின் ஆழத்தோடும் ஒத்துப்போவது அபூர்வம். கடைசியில் கீற்றுக்கு ஏற்றபடி வாத்தியத்தை மாற்றத் தொடங்குவீர்கள்.

இனி வட்டரம்பத்துக்கு வருகிறேன். இதைப் பற்றி நான் சற்றுக் கடுமையாகவே பேச நேரும். சாதாரண வட்டரம்பத்தின் பற்கள் மரத்தில் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் அகலமுள்ள பாதையைத் தின்றுகொண்டு போகின்றன. நீங்கள் 0.6 மில்லிமீட்டர் கனத்தில் ஒரு கீற்று எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அதற்காகப் பலகை இழப்பது 3.6 மில்லிமீட்டர். ஆறில் ஒரு பங்கு உங்கள் கைக்கு வருகிறது, ஐந்து பங்கு தூளாகித் தரையில் கிடக்கிறது. 2 மில்லிமீட்டர் பட்டைக்கு அறுத்தாலும் பட்டையைவிடத் தூளே அதிகம். அந்தத் தூள் என்ன மரத்தின் தூள் என்பதையும் எண்ணிப் பாருங்கள். பிரேஸில் தேசத்து ரோஸ்வுட் மரம் ஒரு காலத்தில் கிதார் செய்வோருக்கெல்லாம் ஆதாரமாயிருந்து, அளவின்றி வெட்டப்பட்டு, 1992-இல் சர்வதேச வாணிபமே அநேகமாகத் தடைசெய்யப்படும் நிலைக்கு வந்தது. அதற்கு முன்பே, 1969-இல், மார்ட்டின் தொழிற்சாலை முதலாகப் பலர் திரும்பிப் பார்த்தது நம் மேற்குத் தொடர்ச்சி மலைகளில் வளரும் ஈட்டிமரத்தை. அன்றுமுதல் உலகத்து நல்ல கிதார்களில் பலவற்றின் முதுகும் விலாவும் நம் ஈட்டிதான். 2017-இல் இவ்விரு மரங்களும் சேர்ந்த பேரினம் முழுவதும் சர்வதேசக் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. செய்துமுடித்த வாத்தியங்களுக்கு 2019-இல் விலக்குக் கிடைத்தபோதிலும் மரத்துக்கு விலக்குக் கிடைக்கவில்லை. வைரம் பாய்ந்து வாத்தியத்துக்குத் தகுதியாக வளரப் பல தலைமுறைகள் எடுக்கும் ஒரு மரத்தை, அழகுக்கென்று, ஆறுக்கு ஐந்தாகத் தூளாக்குவதை அழகு என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. அந்தத் தூள் தோலில் பட்டால் பலருக்குத் தடிப்பும் அரிப்பும் உண்டாகிறது, மூக்கில் ஏறினால் இருமல் பிடிக்கிறது. இதை அந்த மரத்தின் நியாயமான கோபம் என்றே நான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

அப்படியானால் பட்டைக்கு மரம் எங்கிருந்து வரும் என்று கேட்பீர்கள். உங்கள் காலடியிலேயே கிடக்கிறது. பக்கப்பலகைகளுக்கென்று நீங்கள் வாங்கும் ஈட்டிப் பலகை ஏறக்குறைய 80 சென்டிமீட்டர் நீளமும் 12 சென்டிமீட்டர் அகலமும் இருக்கும். வாத்தியத்தின் ஆழமோ அடிப்புறத்தில் சுமார் 10 சென்டிமீட்டர், கழுத்துப்புறத்தில் அதனினும் குறைவு. மிஞ்சுகிற இரண்டு சென்டிமீட்டர் கழிவில், நாரோட்டம் நேராக இருக்குமானால், 6 மில்லிமீட்டர் உயரமுள்ள மூன்று பட்டைகள் கிடைக்கும். ஒரு கிதாருக்குப் பக்கப்பலகைகள் இரண்டு. ஆக ஆறு பட்டைகள். வேண்டுவதோ மேலுக்கு இரண்டும் கீழுக்கு இரண்டுமாக நான்கு. ஒடிந்தால் மாற்றிக்கொள்ள இரண்டு மிச்சம்கூட இருக்கிறது! பக்கப்பலகையின் கனமும் பட்டையின் கனமும் ஏறத்தாழ ஒன்றே ஆதலால் கனத்துக்கு அறுக்கவே வேண்டியதில்லை; கீறுமட்டத்தில் ஊசிக்குப் பதிலாக ஒரு சிறு கத்தியைப் பொருத்தி, பலகையின் இருபுறமும் சிறிது சிறிதாகக் கீறிக்கொண்டே வந்தால் பட்டை தானாகப் பிரிந்து வரும். ஒரு சிட்டிகைத் தூள்கூடப் பறக்காது. பக்கமும் பட்டையும் ஒரே மரமாயிருந்தால் அலங்காரம் எடுபடாதே என்று ஆட்சேபிப்பவர்கள், இரண்டுக்கும் நடுவே ஒரே ஒரு வெள்ளைக் கீற்றை வைத்துப் பார்க்கட்டும். அதற்குமேல் வேறு அலங்காரம் கேட்கமாட்டார்கள்.

வரிக்கீற்று விஷயத்தில் ரம்பத்துக்கு வேலையே இல்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. மேலிருந்து பார்க்கையில் நாம் காணும் கோட்டின் அகலம் வெனீர் என்னும் மெல்லிய மரத்தகட்டின் கனமேயன்றி வேறல்ல. 0.6 மில்லிமீட்டர் வெனீரை 2 மில்லிமீட்டர் அகலமுள்ள நாடாக்களாக நறுக்கி, அவற்றைக் குத்துவாட்டில் நிறுத்திப் பள்ளத்தில் பதித்தால் 0.6 மில்லிமீட்டர் கோடு கிடைத்துவிடுகிறது. ஆகையால் கனத்தை வெனீர் செய்தவன் முன்னமே தந்துவிட்டான்; நமக்கு மிஞ்சியிருப்பது நறுக்குவது மட்டுமே. அதற்கு ஒருபுறம் மட்டும் சாய்வு தீட்டிய கத்தியும் கனமான இரும்பு அளவுகோலும் அடியில் வழவழப்பான அட்டையும் போதும். கத்தியின் சமதளமான புறம் அளவுகோலைத் தழுவிச் செல்லவேண்டும். நறுக்குமுன் வெனீரைச் சாய்வெளிச்சத்தில் பிடித்து, நார் எந்தத் திசையில் ஓடுகிறது என்று பாருங்கள். எந்தத் திசையில் இழுத்தால் நார் கத்தியை அளவுகோலின்மேலேயே நெருக்குமோ அந்தத் திசையில்தான் இழுக்கவேண்டும். மாறி இழுத்தால் நார் கத்தியைத் தன்னோடு அழைத்துக்கொண்டு கீற்றுக்குள் நுழைந்துவிடும், கீற்று பாதியில் கூம்பி ஒன்றுக்கும் உதவாமல் போகும். முதல் இழுப்பில் கத்தியின் சுயபாரம் மட்டும் இருக்கட்டும். அது வெட்டுவதற்கல்ல, தடம் போடுவதற்கு. இரண்டாவதில் சற்று அழுத்தம், மூன்றாவதில் இன்னும் சற்று. ஒரே மூச்சில் வெட்டித் தள்ளுகிறவர்களின் கீற்றைத் திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கம் முழுவதும் சிராய்.

நறுக்கிய கீற்றுகள் எல்லாம் ஒரே கனமாக இருக்கும் என்று வெனீர் வியாபாரியை நம்பிவிடவும் வேண்டாம். ஸ்பெயின் தேசத்துப் பட்டறைகளிலும் மற்ற இடங்களிலும் இதற்கென்று எளிய சாதனம் ஒன்று உண்டு. கடினமான மரக்கட்டை ஒன்றின்மேல் சுரண்டுதகடு ஒன்றைச் செங்குத்தாக இறுக்கி, இரண்டுக்கும் நடுவே நூலிழை அளவு இடைவெளி விட்டு, அந்த இடைவெளியின் வழியாகக் கீற்றை இழுப்பார்கள். வலக்கை இழுக்க, இடக்கையின் விரல் கீற்றைக் கட்டையோடு அமுக்கிக்கொண்டிருக்கும். மாவுபோன்ற மெல்லிய சுருள் தகட்டின் முன்னே குவியும். கீற்று வெளியே வரும்போது விரலுக்கு வெதுவெதுப்பாகத் தெரியும். பிறகு இடைவெளியை இன்னும் சற்றுக் குறைத்து மறுபடி இழுப்பது. எந்த முனை முன்னே போகவேண்டும் என்பதை முதல் தடவையே சாக்கட்டியால் குறித்துக்கொள்ளுங்கள். நாருக்கு எதிராக இழுத்த கீற்று அந்தக் கணமே கிழிந்து கையோடு வரும்.

இத்தனை சிரத்தை எதற்கு என்பதற்கு உத்தரம் நாதத்துளையைச் சுற்றியுள்ள சித்திர வளையத்தில் இருக்கிறது. கண்ணுக்குப் பூத்தையல் போலத் தோன்றும் அந்தச் சித்திரம் வர்ணத்தால் தீட்டியதல்ல. வெவ்வேறு நிற வெனீர்களைக் கோலத்துக்கேற்ற வரிசையில் அடுக்கி ஒட்டி, அந்த அடுக்கை நெடுக நறுக்கிக் கீற்றாக்கி, வெவ்வேறு அடுக்குகளிலிருந்து வந்த கீற்றுகளைப் பக்கம் பக்கமாகச் சேர்த்து ஒட்டினால் ஒரு கோல் உண்டாகிறது. அந்தக் கோலின் குறுக்குவெட்டில்தான் சித்திரம் இருக்கிறது. கோலைக் குறுக்கே 2 மில்லிமீட்டர் வில்லைகளாக அறுத்து வட்டத்தில் வரிசையாகப் பதிக்கிறார்கள். இருபது கீற்றுகள் சேர்ந்த கோலில் ஒவ்வொன்றும் 0.05 மில்லிமீட்டர் மட்டுமே தடித்திருந்தால், முடிவில் ஒரு முழு மில்லிமீட்டர் கூடிவிடும். வளையம் பள்ளத்தில் உட்காராது. கிரானடா நகரில் அல்ஹம்ப்ரா அரண்மனைக்கு ஏறிச்செல்லும் கோமேரெஸ் சரிவிலே கிதார்ப் பட்டறைகள் பேர்போனவை. அதே நகரில் மரத்துண்டுகளைப் பதித்துப் பெட்டியும் மேஜையும் இழைக்கும் 'தராஸியா' என்ற வேலைப்பாடு முஸ்லிம் அரசர்கள் காலந்தொட்டு வருவது. ஒரே ஊரில் இரண்டு கலைகளும் செழித்ததில் எனக்கு ஆச்சரியம் எதுவுமில்லை.

இன்றைய கிளாஸிக்கல் கிதாரின் வடிவத்தை நிர்ணயித்தவரான அந்தோனியோ தெ தோரெஸ் (1817-1892) அடிப்படையில் ஒரு தச்சர். மேற்பலகையே நாதத்தின் ஜீவன் என்பதை நிரூபிக்க, 1862-இல் பக்கங்களையும் முதுகையும் காகித அட்டையாலேயே செய்து ஒரு கிதாரை அவர் உருவாக்கினார். அவ்வளவு தூரம் நாதத்தின் காரணத்தை ஆராய்ந்தவர், அலங்காரம் வீண் என்ற தீர்மானத்துக்கு வந்துவிடவில்லை. அவருடைய சிறந்த வாத்தியங்களின் சித்திர வளையங்களையும் விளிம்பு வரிகளையும் பார்க்கிறவர்கள் அதை அறிவார்கள். 'நாதமிருந்தால் போதும், ஓரம் எப்படியிருந்தால் என்ன' என்று சொல்லித் திரியும் நவீனர்களுக்கு இதற்குமேல் நான் பதில் சொல்லப்போவதில்லை.

நிறங்களைப் பற்றி இரண்டு எச்சரிக்கை. கறுப்புக் கீற்றுக்குக் கருங்காலிதான் வேண்டுமென்பதில்லை. பட்டையின் கனத்தில் அது பிடிவாதக்கார மரம், சூடான குழாயில் வைத்து இடைவளைவுக்கு வளைக்கும்போது சொல்லாமல் முறியும். சாயமேற்றிய பேரிமரம் பணிவானது. ஆனால் சாயம் உள்வரை ஊறியிருக்கிறதா என்று ஒரு துண்டை ஒடித்துப் பார்த்தே உபயோகியுங்கள், ஏனெனில் ஒட்டியபின் சுரண்டிச் சமன்செய்யும்போது மேல்தோல் போய்விடும். மற்றொன்று ஈட்டியைப் பற்றியது. அதன் நிறம் சாராயத்தில் கரையக்கூடியது. அவலரக்கைச் சாராயத்தில் கரைத்துப் பாலிஷ் போடும்போது ஈட்டியின்மேல் ஓடிய துணியை அப்படியே வெள்ளைக் கீற்றின்மேல் இழுத்தீர்களானால், ஊதாவும் சிவப்பும் கலந்த கறை கீற்றுக்குள் இறங்கிவிடும். அதைப் பிறகு எடுப்பது கஷ்டம். முதலில் வெள்ளைக் கீற்றின்மேல் மட்டும் மெல்லிய தூரிகையால் அரக்கைத் தடவி உலரவிட்டு அதன் வாயை அடைத்துவிட்டால் இந்தத் தொல்லையில்லை.

செல்லுலாயிட் பட்டையைச் சிபாரிசு செய்கிறவர்களும் உண்டு. அது வளையும், முறியாது, மலிவு, எல்லாம் வாஸ்தவம். ஆனால் நாளாவட்டத்தில் சுருங்கி, இடைவளைவில் மரத்தைவிட்டு விலகி நிற்கும் பழைய கிதார்களைப் பழுதுபார்ப்பவர்களிடம் போய்க் கேளுங்கள். வஜ்ஜிரம் போட்டு ஒட்டிய மரப்பட்டையை வேண்டும்போது சூடும் ஈரமும் காட்டிப் பக்குவமாக எடுத்துத் திரும்பவும் ஒட்டலாம்; அந்தச் சௌகரியம் அங்கே இல்லை.

இயந்திரத்தையே தொடாதீர்கள் என்று நான் சொன்னதாக எண்ணவேண்டாம். நல்ல வெனீர் கிடைக்காத இடத்தில், பெரிய துண்டிலிருந்தே கீற்றெடுக்க நேருமாயின், ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தின்னும் மெல்லிய பட்டைரம்பத்தைக் கையாளுங்கள். வட்டரம்பந்தான் கையிலிருக்கிறது என்பவர்கள் ஒன்றை மறக்கலாகாது: கீற்று ரம்பத்துக்கும் தடுப்புச்சட்டத்துக்கும் நடுவே விழும்படி ஒருபோதும் அறுக்காதீர்கள். நடுவில் சிக்கிய கீற்று அம்புபோல் பின்னோக்கிப் பாயும். எதிரே நிற்பது உங்கள் வயிறு. கீற்று ரம்பத்தின் வெளிப்புறமாக விழட்டும். ரம்பம் மேலே வரும் வாயைச் சுற்றி இடைவெளியில்லாத மரத்தகடு ஒன்றும் இருக்கட்டும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். கிதாரின் முதுகையும் விலாவையும் வெட்டிய பிறகு மிஞ்சும் ஈட்டித் துண்டுகளை, இரண்டு விரல் அகலமே ஆனாலும், குப்பையில் போடாதீர்கள். நாரோட்டம் நேராயிருப்பதைத் தேர்ந்து, நீளவாரியாகக் கட்டி, மரத்தின் பெயரையும் எந்த வாத்தியத்தின் மிச்சம் என்பதையும் அதன்மேல் எழுதி, தரை ஈரம் படாத இடத்தில் அடுக்கிவையுங்கள். அந்தக் கட்டு தீரும்வரை கீற்றுக்கென்று புதுப்பலகை வாங்குவதில்லை என்று உங்களில் பத்துப்பேர் முடிவு செய்தால், இந்த மடலை எழுதிய சிரமம் எனக்கு வீண்போகவில்லை.

இங்ஙனம்,
உங்கள் நலம் நாடும்
ஒரு மரவேலைக்காரன்